சிவப்பு ரசம்

வந்தவர் பேர் சொல்லவில்லை.
கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.
மெசினையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்,
மாடு வாங்க வந்தவர் மாதிரி.
"கறுப்பு நிறம், கழுத்திலை பொன்னெழுத்து, சரி.
நம்பர் எந்த எழுத்திலை தொடங்குது?
ஊசிக்குக் கிட்ட போனைப் பிடிச்சால்
சிக்னல் செத்துப்போகவேணும்."

இந்தப் பழசுகளுக்குள்ளே வெள்ளைக்காரன்
ஒரு துளி சிவப்பு ரசம் வைத்து அடைத்தானாம்.
துளி ஐம்பது லட்சமாம்.
நாவாந்துறையில் ஒருத்தி விற்று
மேல்மாடி கட்டிப்போட்டாளாம்.
நாவாந்துறை கூப்பிடு தூரம். மேல்மாடியை
நான் இன்னும் காணவில்லை.
ரசம் என்றால் எனக்குத் தெரிந்தது
தடிமனுக்கு வைக்கிறதுதான்.

பிடித்தார் போனை.
சிக்னல் செத்தது.
மனுசனுக்குக் கை நடுங்கியது.
குருநகரில் என் வீட்டின் இந்த மூலையில்
சிக்னல் என்றைக்குமே இல்லை.
கடற்பக்க யன்னலால் தலையை நீட்டித்தான்
ரொறொன்ரோத் தம்பியோடு கதைக்கிறனான்.
அதை ஏன் சொல்லுவான்?

தம்பி காசில் வந்தது அங்கே இருக்கிறது,
அலுமாரிக்குப் பக்கத்தில், துவாயால் மூடி.
நூற்றிருபது தையல் தெரியும் அதுக்கு.
வாத்துப் போடும், ரோசாப்பூப் போடும்.
பட்டன் ஓட்டை அது போடுகிற வடிவுக்கு
என் கை கிட்டவும் நிற்காது,
உள்ளதைச் சொல்லவேணும்.
பத்தொன்பதாம் மாதம்,
போன கறன்ற் திரும்பி வந்த அடியில்
திரையில் ஆறு என்று ஒரு இலக்கம் காட்டிவிட்டு
படுத்ததுதான்.
கொழும்புக்கு அனுப்பினேன்.
உள்ளே ஒரு அட்டை பழுது,
அந்த அட்டை இப்ப செய்யிறேல்லை அக்கா என்று
ஒரு பிள்ளை போனில் வலு மரியாதையாய்ச் சொன்னாள்.

இது எனக்குச் சீதனமாய் வரவில்லை.
எண்பத்தெட்டில் கொன்வென்ற் பழஞ்சாமான் விற்றபோது
முந்நூற்றைம்பது ரூபாய், பேரம் பேசி.
அதுக்கு முதல் எத்தனை பேர் மிதித்தார்களோ,
மிதியில் குதிக்கால் படும் இடம்
அப்போதே தேய்ந்து பளபளத்தது.
வார் அறுந்த வருஷம் கடைகளில் வார் இல்லை;
சைக்கிள் ரியூப்பை நீளமாய் வெட்டி முறுக்கிப் போட்டேன்.
அடியில் ஒரு ஆணி தேய்ந்தபோது
படகு எஞ்சின் திருத்துகிற அருள்நேசன்
கடைந்து தந்தான், கூலி
இரண்டு காற்சட்டைக்கு விளிம்பு மடிப்பு.
இதுக்குள்ளே ஒளிக்க இடமில்லை.
கால் சில்லைச் சுற்றும், சில்லு ஊசியை இறக்கும்.
தகட்டைக் கழற்றினால்
ஆரும் பார்த்து விளங்கலாம்.

"கழற்றிப் பாக்கட்டோ?" என்றார்.
"கழற்ற ஐயாயிரம். இருந்தால் பேந்து விலை கதைப்பம்."
தாளை எண்ணாமல் தந்தார், ஒரே தாள்.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தார்.
முதலில் பஞ்சு வந்தது.
பள்ளிக்கூட வெள்ளை, சவவீட்டு வெள்ளை,
இரண்டும் ஒரே அழுக்கு.
பிறகு பாதி ஊசி.
பிளவுஸ் கொழுக்கி ஒன்று.
எவளுடைய கல்யாணச் சேலையிலோ உதிர்ந்த ஒரு பாசிமணி.
கடைசியாய், ஷட்டிலுக்கு அடியில்,
எண்ணெய்க்குள் ஒரு சிவப்பு.

மூச்சுவிடாமல் விரலால் தொட்டார்.
இழுக்க இழுக்க நூலாய் வந்தது.
கடற்தொழிலாளர் சங்கத்துக்கு
ஒரு மே தினத்துக்கு முந்நூறு கொடி தைத்தேன்.
இருநூறுக்குத்தான் காசு தந்தார்கள்.

நூலை என் கையில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடினார்.
திருப்பிக் கேட்டிருந்தால்
பாதியாவது குடுத்திருப்பேன்.
மூன்று வருஷமாய் நான் பஞ்சிப்பட்டு விட்டிருந்த
துப்புரவு வேலை அது.

தகட்டைப் பூட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு மிதித்தேன்.
சத்தம் மாறியிருந்தது, கொஞ்சம் இளசாய்.
திங்கட்கிழமைக்கு பதினோரு பள்ளிச் சட்டை.
கறன்ற் எட்டரைக்குத்தான் வருமாம்.
பதினொன்றையும் மூட்டி முடித்தேன்.
பட்டன் ஓட்டைதான் மிச்சம்,
சட்டைக்கு ஆறு,
கையால்,
மெழுகுதிரி வெளிச்சத்தில்.